பழைய கட்டிலும் பெண் வீட்டார் கடனும்

நமது ஜனங்களிடம் ஒரு வினோதமான வழக்கம் இருந்து வருகிறது. ஒரு மேஜையையோ, நாற்காலியையோ, கட்டிலையோ, பீரோவையோ ஒருவன் பழையதாக வாங்கிக்கொண்டு வந்தானென்றால், வீட்டிலுள்ளவர்களும் அண்டை வீட்டார்களும் முதலில் அதன் விலையைக் கேட்பதில்லை. என்ன மரம் என்று தட்டிப் பார்ப்பதில்லை. கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பதுமில்லை. “யார் வீட்டுச் சாமான்?” என்பதுதான் முதல் கேள்வி. “அதில் யாராவது செத்தார்களா?” என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டுக்கும் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், தேக்கு மரமாயிருந்தாலும் சரி, கால் விலைக்குக் கிடைத்திருந்தாலும் சரி, அந்தச் சாமான் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்பாகி விடுகிறது. முதற் கேள்வி ஜாதியிலிருந்து பிறந்தது. இரண்டாவது கேள்வி புரோகிதத்திலிருந்து பிறந்தது. இரண்டும் சேர்ந்து கடைசியில் பெண்ணைப் பெற்றவன் தலையில் கடனாக வந்து விழுகின்றன. இதை விளக்கிக் காட்டவே இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். ஒரு மனிதன் ஒரு கட்டிலில் படுத்து உயிரை விட்டானென்றால், அந்தக் கட்டிலில் என்ன ஒட்டிக்கொண்டு விடுகிறது என்று கேட்கின்றோம். தோஷம் என்கிறார்கள். தோஷம் என்பது கண்ணுக்குத் தெரிகிறதா? எடை போடலாமா? தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகுமா, போகாதா? எதற்கும் பதிலில்லை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியிலும் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கின்ற கட்டில்களில் எத்தனை உயிர்கள் போயிருக்கும்? அப்படியிருந்தும் அங்கே கட்டில் கிடைக்கவில்லையென்றால் சிபாரிசு பிடிப்பவர்கள் யார்? இதே தோஷக்காரர்கள்தாம். அந்தக் கட்டிலில் படுத்துப் பிழைத்து எழுந்து, வைத்தியம் செய்த டாக்டரை விட்டு விட்டுத் திருப்பதிக்குப் போய் மொட்டையடித்துக் கொள்ளுகிறார்களே ஒழிய, “செத்தவன் படுத்த கட்டிலில் என்னைப் போட்டு விட்டார்கள்” என்று டாக்டர் மேல் எவரும் வழக்குத் தொடர்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இன்னும் பெரிய உதாரணம் ஒன்று சொல்லுகிறோம். நமது மாகாணத்தில் 1969-இல் அண்ணாவும், 1987-இல் எம்.ஜி.ஆரும், 2016-இல் ஜெயலலிதாவும் முதன்மந்திரியாக இருக்கும்போதே இறந்து போனார்கள். ஒரே நாற்காலியில் மூன்று சாவு! ஒரு குடியானவன் வீட்டுச் சாய்வு நாற்காலிக்கு இப்படி ஒரு சரித்திரம் இருக்குமானால் அதை அடுப்புக்கு வெட்டியிருப்பார்கள். ஆனால் இந்த நாற்காலி ராசியில்லாதது, எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிப் போன அரசியல்வாதி ஒருவரைக் காட்ட முடியுமா? பூஜை புனஸ்காரம் செய்கிறவர்களும், ஜோசியரைக் கேட்காமல் வீட்டை விட்டு வெளியேறாதவர்களும் கூட அதில் உட்காருவதற்குப் படாத பாடு படுகிறார்கள். லாபமிருக்கிற இடத்தில் தோஷம் தானாகவே விலகிக் கொள்ளுகிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

ரூபாய் நோட்டின் சங்கதியும் இதுதான். அது குஷ்டரோகி கையிலும் இருந்து வந்திருக்கும், பிணம் சுடுகிறவர் மடியிலும் இருந்து வந்திருக்கும். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூஜை அறையில் வைக்கிறார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் நடந்ததையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் மாற்றலாகிப் போகும்போதும், உத்தியோகம் முடிந்து சீமைக்குக் கப்பலேறும்போதும் தங்கள் வீட்டு மேஜை, நாற்காலி, அலமாரிகளை ஏலம் போட்டு விட்டுப் போவது வழக்கம். அந்த ஏலங்களில் நமது வக்கீல்களும் ராவ் பகதூர்களும் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். மாட்டிறைச்சியைத் தட்டில் வைத்துத் தின்ற மேஜை, ஆசாரம் மிகுந்த வைதிகர் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றது. “துரை வீட்டு மேஜை” என்று வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லவும் பட்டது. அதே வைதிகர், பக்கத்துத் தெருவில் கஷ்டப்பட்டு விற்கிற ஒரு சக்கிலியத் தோழர் வீட்டுப் பலகையைக் காசில்லாமல் கொடுத்தாலும் வாங்கியிருப்பாரா? ஆகவே பழையது என்பது இங்கே ஆட்சேபணையே அல்ல. யாருடைய பழையது என்பதே ஆட்சேபணை.

நிற்க, செத்தவன் கட்டிலைப் பற்றி நமக்கு உபதேசம் செய்கிற புரோகிதர் தாம் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். கருமாதிச் சடங்கில் சய்யாதானம் என்று ஒன்று உண்டு. சய்யை என்றால் படுக்கை. கருட புராணத்தில் பிரேத சம்பந்தமான பகுதியில் இந்தத் தானத்துக்கு மகத்தான பலன் சொல்லப்பட்டிருக்கிறது. நல்ல கெட்டி மரத்தில் கட்டில், அதன் மேல் மெத்தை, தலையணை, விரிப்பு, இவைகளோடு விளக்கு, குடை, செருப்பு முதலியவைகளையும் சேர்த்துப் பிராமணனுக்குக் கொடுத்தால், செத்துப் போனவன் பரலோகத்தில் சுகமாகப் படுத்துக் கொள்ளுவானாம். செத்தவனுக்கு உடம்பே இல்லை, அதைச் சுட்டுச் சாம்பலாக்கி ஆற்றில் கரைத்தாகி விட்டது. அப்படியிருக்க அவனுக்குக் கட்டில் எதற்கு, மெத்தை எதற்கு, செருப்பு எந்தக் காலில் போட்டுக் கொள்ள என்று எவரும் கேட்பதில்லை. அது போகட்டும். செத்தவனுடைய பெயரால், செத்தவன் படுப்பதற்கென்றே கொடுக்கப்பட்ட கட்டில் ஒன்று புரோகிதர் வீட்டுக்குப் போகிறதே, அதற்கு மட்டும் தோஷம் கிடையாதா? அதில் அவர் படுப்பதில்லையா? தானமாக வந்த செம்புகளும் வேஷ்டிகளும் கட்டில்களும் வீடு கொள்ளாமல் போனபோது கடைக்குத் திரும்பிப் போய், கடையிலிருந்து அடுத்த கருமாதிக்குத் திரும்பி வருகிற வேடிக்கையைக் காசி, ராமேசுவரம் முதலான “புண்ணிய க்ஷேத்திரங்களுக்கு”ப் போய் வந்தவர்கள் நன்கு அறிவார்கள். பழைய சாமான் வியாபாரத்தை இந்த நாட்டில் நெடுங்காலமாய் நடத்தி வருகிறவர் யாரென்று இப்போது தெரிகிறதா? நாம் பழைய சாமான் வாங்கினால் தோஷம்; அவர் வாங்கினால் தானம். வித்தியாசமெல்லாம் அவர் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பது மாத்திரமே.

பழையது என்றாலே வேண்டாம் என்கிறவர்கள் எல்லாவற்றிலும் அப்படி இருந்தாலாவது ஒரு யோக்கியதை உண்டு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய மனுதர்மம் வேண்டும். எவனெவனோ சொல்லி, எவனெவனோ எழுதி, கை மாறிக் கை மாறி வந்த புராணங்கள் வேண்டும். அவைகளை எங்கே யார் வைத்திருந்தார்கள், அவற்றால் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்பதில்லை. ஆனால் இருபது வருஷத்து மேஜை மட்டும் வீட்டுக்கு ஆகாது!

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம். ஏனெனில், வைதிகர்கள் இதைப் படித்து விட்டு “அந்தக் காலத்தில் தொத்து வியாதிக்குப் பயந்து பெரியவர்கள் ஏற்படுத்தியது” என்று விஞ்ஞான வேஷம் போட்டுக்கொண்டு வருவார்கள். பெரியம்மை கண்டவன் படுத்த பாயையும் துணியையும் எரித்தது சரியான காரியந்தான். அந்த நோயின் கிருமி, உதிர்ந்த பொருக்குகளிலும் துணிகளிலும் தங்கியிருந்து மற்றவர்களுக்குப் பரவக்கூடியதாக இருந்தது. ஆனால் அதை அந்தக் காரணம் சொல்லியா எரித்தார்கள்? மாரியம்மாள் வந்து இறங்கியிருக்கிறாள் என்று சொல்லி வேப்பிலையைச் செருகி, ஊசி குத்த வந்த சுகாதார சிப்பந்தியைக் கண்டு ஓடி ஒளிந்தார்கள். கடைசியில் இந்தியாவில் 1975-இல் அந்த நோய் நின்றது. 1980-இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது அம்மை குத்துகிற ஊசியே தவிர அம்மனல்ல. க்ஷயரோகம் இருமலின் மூலம் காற்றில் பரவுகிறதே தவிர, கழுவி வெயிலில் காய வைத்த மரக்கட்டிலிலிருந்து பரவுவதில்லை. காலரா தண்ணீரிலும் ஆகாரத்திலும் வருகிறது. மாரடைப்பினாலும் முதுமையினாலும் செத்தவன் கட்டிலில் தொத்துவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் தோஷம் இவைகளுக்குள் ஏதாவது பேதம் பார்க்கிறதா? தொண்ணூறு வயதுக் கிழவர் தூக்கத்தில் செத்த கட்டிலையும், தொத்து நோயாளி கட்டிலையும் ஒன்றாக ஒதுக்குகிறது. அன்றியும், சோப்பும் கொதிநீரும் போட்டுக் கழுவினால் கிருமி போகும். தோஷமோ புரோகிதருக்குத் தக்ஷிணை கொடுத்தால்தான் போகும். கிருமியும் தோஷமும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே போதும்.

அடுத்தாற்போல் வாஸ்துக்காரர் வருகிறார். இவர் சமீப காலத்தில் மிகவும் கொழுத்துப் போனவர். பழைய மரத்தை, பழைய நிலையை, பழைய கதவைப் புது வீட்டில் வைத்தால் குடும்பம் விளங்காது என்பது இவருடைய சாஸ்திரம். பீரோவைக் குபேர மூலையில் வைக்க வேண்டும் என்பதும் இவருடைய சாஸ்திரமே. குபேர மூலை எது என்றால் நமது ஊர்களில் தென்மேற்கு மூலையைக் காட்டுகிறார்கள். ஆனால் இவர்களுடைய புராணப்படியே குபேரன் வடக்குத் திசைக்கு அதிபதி. தென்மேற்குக்கு அதிபதி நிருதி என்கிற அரக்கன். குபேரனை நம்பி அரக்கனிடம் பீரோவை ஒப்படைத்து விட்டு, அதன் எதிரில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்களை நாம் என்னவென்று சொல்லுவது? அவர்கள் சாஸ்திரத்தை அவர்களே படிப்பதில்லை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

இந்தப் பழைய மரம் ஆகாது என்கிற சட்டம் எவருக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார்கள் பர்மாவில் லேவாதேவி செய்து சம்பாதித்து, பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டு வந்து அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோதும் அதற்குப் பிறகும் அந்த வருமானம் போயிற்று. வீடுகள் பல பங்காளிகளுக்குள் பிரிந்தன, பல இடிக்கப்பட்டன. அந்த வீடுகளின் தூண்களும், கதவுகளும், ஊஞ்சற் பலகைகளும், அலமாரிகளும் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அந்தத் தூண்கள் பார்க்காத சாவா? அந்த ஊஞ்சலில் உட்காராத விதவையா? ஆனாலும் பெரிய பெரிய ஹோட்டல்காரர்களும் பங்களாக்காரர்களும் வந்து விலை கொடுத்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். அங்கே வாஸ்து வாயைத் திறப்பதில்லை. பணக்காரன் வாங்கினால் அதற்குப் பெயர் “ஆண்டிக்”. ஏழை வாங்கினால் அதற்குப் பெயர் “காயலான் கடைச் சரக்கு”. சென்னையில் 1900 முதல் 1985-இல் தீப்பிடித்து எரிந்து போகும் வரையில் மூர் மார்க்கெட்டில் பழைய புஸ்தகத்தையும் பழைய மேஜையையும் வாங்கி எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள். அவர்களில் எவனுக்கும் அந்த மேஜையால் படிப்புக் கெட்டதாகத் தகவலில்லை.

இனி முதற் கேள்விக்கு வருவோம். “யார் வீட்டுச் சாமான்?” என்பது பார்வைக்குச் சாதாரணக் கேள்வி. அதனுள்ளே இருப்பது தீட்டு. ஒரு மனிதன் தொட்டால் தண்ணீர் தீட்டாகும், உட்கார்ந்தால் பலகை தீட்டாகும் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிற சமூகத்தில், கட்டிலும் நாற்காலியும் வெறும் மரமாக இருக்க முடியாது. டாக்டர் அம்பேத்கர் சிறு பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போனபோது பலகையில் உட்கார விடவில்லை. வீட்டிலிருந்து ஒரு கோணித் துண்டைக் கொண்டு போய் மூலையில் விரித்து உட்கார வேண்டியிருந்தது. வகுப்பறையைக் கூட்டுகிற வேலைக்காரனும் அந்தக் கோணியைத் தொட மாட்டான் என்பதால் தினம் சாயந்திரம் அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இது என்றைக்கோ நடந்த கதை என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. 2020-ஆம் வருஷத்தில் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்தலில் ஜெயித்துத் தலைவரான ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்து, போலீஸ் வழக்கு வரையில் போயிற்று. ஒருத்தியை நாற்காலியில் உட்கார விடாத புத்தியும், அவள் உட்கார்ந்த நாற்காலியை வாங்க மறுக்கிற புத்தியும் ஒரே புத்திதான். முன்னதைச் சட்டம் தண்டிக்கிறது. பின்னது வீட்டுக்குள்ளே, பெண்டு பிள்ளைகள் வாயிலாக, “மனசுக்குப் பிடிக்கவில்லை” என்கிற பெயரில் சௌகரியமாக வாழ்ந்து கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு மூடத்தனங்களும் சேர்ந்து யாரைக் கொல்லுகின்றன என்பதே நமக்கு முக்கியம். பழையது தோஷம், பழையது தீட்டு என்று ஆன பிறகு, புதிதாகக் குடித்தனம் வைக்கிறவர்களுக்கு எல்லாம் புதிதாக வேண்டும் என்று ஏற்படுகிறது. புதிதாக யார் வாங்கிக் கொடுப்பது? பெண்ணைப் பெற்றவன். கட்டில், மெத்தை, பீரோ, கண்ணாடி மேஜை, சோபா எல்லாம் லாரியில் ஏற்றி, தெருவெல்லாம் பார்க்கும்படியாக, முன்னால் மேளத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து கேட்பதுமில்லை. “சம்பந்தி, நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்” என்கிறார்கள். இதைப் போலப் பயங்கரமான வார்த்தை தமிழில் வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லலாம். கேட்காததற்கு எப்படி இல்லையென்று சொல்லுவது?

1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். பிற்பாடு திருத்தப்பட்டு, குறைந்தது ஐந்து வருஷச் சிறை என்றும் ஆகியிருக்கிறது. ஆனால் கேளாமல் கொடுக்கிற அன்பளிப்பு, வழக்கமானதாகவும் கொடுக்கிறவர் ஸ்திதிக்கு மீறாததாகவும் இருந்து, ஜாபிதா எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தால் குற்றமில்லை என்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். இந்த வழி எவ்வளவு அகலமென்றால், இரட்டைக் கட்டிலும் மூன்று கதவு பீரோவும் தாராளமாக நுழைந்து போகின்றன. ஜாபிதா எழுதுகிற வீட்டை நாம் இதுவரை பார்த்ததில்லை.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வட்டிக்கு வருகிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுவோம். மாதம் 3,000 ரூபாய் வட்டி, வருஷம் 36,000 ரூபாய். மூன்று வருஷத்தில் வட்டி மாத்திரம் 1,08,000 ரூபாய் ஆகி அசலைத் தாண்டி விடுகிறது. அசல் அப்படியே நிற்கிறது. கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் செய்திருக்கிறார்கள். கடன் வாங்குகிறவனுக்கு அவசரம் இருக்கிற வரையில் சட்டம் அலமாரியில் இருக்கும். இப்படி வாங்கிய பீரோவோ இரண்டாவது வருஷத்தில் என்ன ஆகிறது? மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திச் செய்த பலகை அது. மழைக்காலத்தில் சுவர் ஓதம் பட்டு அடி உப்பி, கதவு தொங்கி, திருகாணி பிடிக்காமல் நிற்கிறது. அது பழைய சாமானாகித் தெருவுக்கு வந்த பிறகும் பெண்ணின் தகப்பன் வட்டி கட்டிக் கொண்டிருக்கிறான். புதியதின் ஆயுள் கடனுடைய ஆயுளை விடக் குறைவு! இவர்கள் முகர்ந்து பார்த்து மகிழ்கிற “புது வாசனை”யாவது உயர்ந்ததா என்றால், அதில் ஒரு பாகம் அந்தப் பசையிலிருந்து கிளம்புகிற பார்மால்டிஹைடு என்கிற வாயு. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியது. சாமான் புதிதாயிருக்கும் போதுதான் அது அதிகமாக வெளிவரும். நாளாக ஆகக் குறையும்.

இதுவரை சொன்னதையெல்லாம் நமது தோழர்கள் சந்தோஷமாகவே படித்திருப்பார்கள். இனிச் சொல்லுவது அவர்களுக்குச் சற்றுக் கசக்கும். 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் அவர்கள் புரோகிதரில்லாத திருமணத்தை நடத்தி வைத்தார்கள். 1967-இல் அண்ணா அவர்கள் ஆட்சியில் அத்தகைய திருமணங்களுக்குச் சட்டமும் வந்தது. ஐயர் போனார், அம்மி போயிற்று, அருந்ததி போயிற்று, ஹோமப் புகையும் போயிற்று. ஆனால் மேடையில் இரண்டு மணி நேரம் பகுத்தறிவுப் பிரசங்கம் நடந்து கொண்டிருக்கும்போதே, பந்தலுக்கு வெளியே லாரியிலிருந்து பீரோ இறங்கிக் கொண்டிருக்கிறதை நாமே பார்த்திருக்கிறோம். புரோகிதருக்குக் கொடுத்திருந்தால் ஐயாயிரத்தோடு போயிருக்கும். சீரில் ஐந்து லட்சம் போகிறது. தாலி அடிமைச் சின்னம் என்று கழற்றி வைத்த மணமகன், கட்டிலும் மெத்தையும் மாமனார் வாங்கிக் கொடுத்ததில் ராத்திரி படுத்துக் கொள்ளுவானானால் அவனுடைய சுயமரியாதைக்கு அர்த்தமென்ன? தன் முதுகைச் சாய்ப்பதற்கு ஒரு பலகையைத் தன் சம்பாத்தியத்தில் வாங்க முடியாதவனுக்குக் கல்யாணம் எதற்கு என்று அந்தப் பெண்ணே கேட்க வேண்டும். கேட்டால் அடங்காப்பிடாரி என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

“அப்படியானால் தரையிலா குடித்தனம் செய்வது?” என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து, கையிலிருக்கிற பணத்தில், பழைய சாமான் கடைக்குப் போய் வாங்குங்கள் என்கிறோம். கடன் ஒரு பைசா வேண்டாம். வாங்கியதை ஒளித்து வைக்கவும் வேண்டாம். வருகிறவர்கள் கேட்டால், பழையதுதான், இன்ன விலைக்கு வாங்கினோம் என்று உரக்கச் சொல்லுங்கள். நாலு வீட்டில் உரக்கச் சொன்னால் ஐந்தாவது வீட்டில் பெண்ணைப் பெற்றவன் மூச்சு விடுவான்.

எல்லோரும் பழையதையே வாங்கினால் தச்சர்கள் பிழைப்பது எப்படி என்று நமக்கு வேண்டிய ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மாதத் தவணையில் வருகிற அட்டைப் பெட்டி பீரோவில் எந்த ஊர்த் தச்சருக்கு ஒரு நாள் கூலி கிடைத்தது? அது எங்கேயோ இயந்திரத்தில் வெட்டி, பெட்டியில் அடைத்து, திருகாணியோடு வருகிறது. பழைய தேக்கு மேஜைக்குத்தான் தச்சர் வேண்டும். மூட்டுக்கு ஆப்பு வைக்க, இழைப்புளி போட, கால் மாற்ற, பாலிஷ் போட அவர் கை வேண்டும். பிரம்பு நாற்காலிக்குப் பின்னல் பிய்ந்து போனால், கண் தெரியாத தோழர்கள் அநேகர் அந்த வேலையைக் கற்று, ஆபீசுகளில் நாற்காலி பின்னியே குடும்பம் நடத்தி வந்திருக்கிறார்கள். புதியதற்குக் கொடுக்கிற பணம் கம்பெனிக்குப் போகிறது. பழுது பார்ப்பதற்குக் கொடுக்கிற பணம் நமது தெருவிலேயே நிற்கிறது.

தோஷத்தைப் பார்க்க வேண்டாம் என்றால் ஒன்றையும் பார்க்க வேண்டாம் என்று அர்த்தமல்ல. பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும். மரச் சாமானில் குண்டூசி முனை போன்ற துவாரங்களும், அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த மாவும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதென்று அர்த்தம், வாங்காதீர்கள். விரலால் தட்டினால் ஓட்டைப் பானை மாதிரி சப்தம் வந்தால் கரையான் தின்றிருக்கிறது. நன்றாகக் காய்ந்த பழைய தேக்கு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, வெடிக்க வேண்டியதெல்லாம் வெடித்து முடிந்தது. பச்சை மரத்தில் செய்த புதுச் சாமான் உங்கள் வீட்டுக்கு வந்துதான் வெடிக்கும். மரத்தூள் பலகைச் சாமானைப் பழையதாக வாங்குவதில் பிரயோசனமில்லை. ஒரு தடவை பிரித்தால் மறுபடி திருகாணி பிடிக்காது. இரும்பு பீரோவாக இருந்தால் அடித்தட்டைக் கவிழ்த்துத் துரு பாருங்கள், பூட்டையும் கீலையும் பாருங்கள். மேலே கீறல் இருந்தால் கவலை வேண்டாம், அதற்கு விலையைக் குறையுங்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017-இல்தான் அமலுக்கு வந்தது. ஆதலால் அதற்கு முந்திய வர்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் போது தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. குழந்தைகளுக்கு ஈயம் மூளையைக் கெடுக்கும்.

கட்டிலில் உண்மையாகவே பயப்பட வேண்டியது பேயல்ல, மூட்டைப் பூச்சி. அது பல மாதங்கள் இரத்தமில்லாமலே சந்துகளில் உயிரோடிருக்கும். ஆகையால் எவ்வளவு நாள் சும்மா கிடந்த கட்டிலானாலும் வீட்டுக்குள் கொண்டு போகு முன் முற்றத்தில் போட்டு, மூட்டுகளிலும் துவாரங்களிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். முட்டை தப்பிப் பொரிக்குமாகையால் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிற வழக்கம் வேண்டாம். வீடு எரிந்து போகும். மெத்தை தலையணையை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம்; இலவம் பஞ்சாக இருந்தால் பஞ்சை எடுத்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்து அடித்துப் புது உறையில் அடைத்துக் கொள்ளலாம். வண்டிக்கூலியையும் ஏற்றுக்கூலியையும் சாமான் விலை பேசும் போதே சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் வாசலில் போய்விடும்.